வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து செய்ய ஒரு மரக் கருவி: எட்டுக் கட்டை சைலஃபோன்

கேள்வி: வீட்டில் 7 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், அவர்களுடைய தாத்தா, நாங்கள் இருவர். எல்லோரும் சேர்ந்து மரத்தில் ஒரு இசைக்கருவி செய்ய ஆசை. அலமாரியில் வைக்கும் பொம்மையாக இல்லாமல், சுருதி சேர்ந்து வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தச்சு வேலையில் பெரிய பழக்கம் கிடையாது. எதைச் செய்யலாம், எப்படிச் செய்வது?

பதில்:

சைலஃபோன் செய்யுங்கள். ஜலதரங்கத்தில் கிண்ணம் செய்கிற வேலையை இதில் மரக்கட்டை செய்கிறது. தந்திக் கருவியில் கழுத்து கொஞ்சம் வளைந்தாலும் ஒட்டு விட்டாலும் மொத்த உழைப்பும் போய்விடும். இதில் எட்டுக் கட்டைகளும் தனித்தனி. ஒன்று கெட்டால் அதை மட்டும் மறுபடி வெட்டிக்கொள்ளலாம். அறுப்பதற்கு இரண்டு கை போதும். தேய்ப்பதற்கும் கேட்பதற்கும் அளப்பதற்கும் நூல் சுற்றுவதற்கும் எத்தனை கை இருந்தாலும் வேலை இருக்கும். அதனால்தான் குடும்பமாகச் செய்ய இதைச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வையுங்கள். இன்னொருவர் கொடுத்த நீள அளவுகளை அப்படியே எடுத்து வெட்டாதீர்கள். ஒரே நீளம், ஒரே தடிமனில் தேக்கு ஒரு சுருதி தரும், வேங்கை வேறொரு சுருதி தரும். ஒரே மரத்தின் இரண்டு துண்டுகள்கூட ஒத்துப்போகாது. உங்கள் கையில் இருக்கும் மரத்தில் ஒரு சோதனைக் கட்டை வெட்டி, அதன் ஒலியை அளந்து, அதிலிருந்து மற்ற நீளங்களைக் கணக்கிட வேண்டும். கீழே நான் தரும் எண்களும் கணக்குப் போடும் விதத்தைக் காட்டத்தான்.

மரம்

கெட்டியான, நன்றாகக் காய்ந்த, ரேகை நேராக ஓடும் மரம் வேண்டும். தொழில்முறைக் கருவிகளில் ஈட்டி வகைகளும் படாக் மரமும் போடுகிறார்கள். வீட்டு வேலைக்கு வேங்கை, தேக்கு, மேப்பிள் எல்லாம் நன்றாகவே பேசும். பழைய கட்டில் சட்டமோ கதவுச் சட்டமோ கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. பல வருடம் காய்ந்து அடங்கிய மரம் அது. ஆணி ஒளிந்திருக்கிறதா என்று மட்டும் காந்தம் வைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய பெயின்ட் பூசிய மரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதைத் தேய்த்த தூசி பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பறக்கக் கூடாது. ப்ளைவுட்டும் அழுத்தப் பலகையும் இந்த வேலைக்கு ஆகாது. உள்ளே இருக்கும் பசையும் குறுக்கு அடுக்கும் அதிர்வை விழுங்கிவிடும்.

காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. துண்டைச் சமையலறைத் தராசில் வைத்து எடையை எழுதிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை மறுபடி எடை போடுங்கள். எடை இறங்கிக்கொண்டே இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் ஆரம்பிக்கலாம். இந்தக் கணக்கைச் சிறியவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

தேவைப்படும் அளவு: 36 மி.மீ. அகலம், 16 மி.மீ. தடிமனில் இழைத்த பட்டை மொத்தம் 3 மீட்டர். கட்டைகளுக்குச் சுமார் இரண்டரை மீட்டர் போகும். மீதி ரம்பம் தின்பதற்கும் ஒரு கட்டை கெட்டால் மாற்று வெட்டவும். கணு உள்ள இடத்தை ஒதுக்குங்கள். பட்டையின் பக்கவாட்டைப் பார்த்தால் ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட வேண்டும். நடுவில் சரிந்து வெளியே போய்விட்டால் அந்தக் கட்டை மழுங்கலாகத்தான் பேசும். தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பது மிக முக்கியம். கையால் இழைத்துச் சமமாக்கச் சிரமப்படுவதைவிட, மரம் இழைக்கும் இடத்திலேயே இயந்திரத்தில் கொடுத்து வாங்கிவிடுவது நல்லது. இது ஒன்றைத்தான் வெளியில் கொடுக்கச் சொல்வேன்.

சோதனைக் கட்டையும் கணக்கும்

கட்டையின் சுருதியை நீளமும் தடிமனும் தீர்மானிக்கின்றன. அகலத்துக்கு அதில் பங்கு இல்லை என்றே சொல்லலாம். தடிமன் இரட்டித்தால் அதிர்வெண் இரட்டிக்கும். நீளம் பாதியானால் அதிர்வெண் நான்கு மடங்காகும், அதாவது இரண்டு ஸ்தாயி ஏறும் (ச முதல் மேல் ச வரை ஒரு ஸ்தாயி). ஒரு ஸ்தாயி மட்டும் ஏற நீளத்தைப் பாதியாக்கக் கூடாது, 0.707 மடங்காக்க வேண்டும். முதல் முறை செய்பவர்கள் பெரும்பாலும் தந்தியை நினைத்துக்கொண்டு பாதியாக வெட்டி, மரத்தை வீணாக்குவது இங்கேதான்.

பட்டையில் 400 மி.மீ. நீளம் வெட்டுங்கள். இரு முனையிலிருந்தும் நீளத்தில் 22.4 சதவீதம் தள்ளி, அதாவது சுமார் 90 மி.மீ.இல், கீழே மெத்தென்ற ஸ்பாஞ்ச் துண்டு வைத்து அதன்மேல் கட்டையைக் கிடத்துங்கள். சரியாக நடுவில் தட்டுங்கள். கைப்பேசியில் அதிர்வெண் காட்டும் ட்யூனர் செயலி ஒன்றைத் திறந்து எண்ணைக் குறியுங்கள். நடுவில் தட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கட்டையின் இரண்டாவது அதிர்வு முறை நடுப்புள்ளியில் அசையாது, அங்கே அடித்தால் அது எழாது. ஓரத்தில் தட்டினால் அடிப்படை ஒலியைப்போல் சுமார் 2.76 மடங்கு உள்ள அந்த மேலொலியைச் செயலி பிடித்துக்கொண்டு, சம்பந்தமில்லாத ஸ்வரத்தைக் காட்டும். 523 வர வேண்டிய இடத்தில் 1440ஐ ஒட்டி ஒரு எண் வந்தால் நடந்தது இதுதான்.

இப்போது கணக்கு: புதிய நீளம் = பழைய நீளம் × (பழைய அதிர்வெண் ÷ வேண்டிய அதிர்வெண்) என்பதன் வர்க்கமூலம். உதாரணமாக, 400 மி.மீ. கட்டை 440 ஹெர்ட்ஸ் காட்டுகிறது என்று வையுங்கள். கீழ் ஷட்ஜமாக 523 ஹெர்ட்ஸ், அதாவது கீபோர்டின் நடு சிக்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள சி வேண்டும். 440ஐ 523ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.917. நீளம் 367 மி.மீ. மற்றவற்றுக்கு இந்த 367ஐக் கீழ்க்கண்ட எண்களால் பெருக்குங்கள்: ரி 0.944, க 0.891, ம 0.866, ப 0.817, த 0.771, நி 0.728, மேல் ச 0.707. இது சங்கராபரணத்தின் ஸ்வர வரிசை. இந்த உதாரணத்துக்கு 367, 346, 327, 318, 300, 283, 267, 260 மி.மீ. என்று வரும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு வர்க்கமூலம் எதற்குப் பயன்படுகிறது என்று காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கால்குலேட்டரை அவர் கையில் கொடுத்துவிட்டு, வெட்டுவதற்கு முன் நீங்கள் ஒரு முறை சரிபார்த்தால் போதும்.

எட்டும் அதிகமாகத் தோன்றினால் ச ரி க ப த என்று மோகனத்தின் ஐந்தையும் மேல் சவையும் முதலில் செய்யுங்கள். எந்த இரண்டைச் சேர்த்துத் தட்டினாலும் காதுக்கு இதமாக இருக்கும். சின்னப் பிள்ளைக்கு அதுவே நல்ல தொடக்கம்.

வெட்டும்போது ஒவ்வொரு கட்டையையும் கணக்கில் வந்த நீளத்தைவிட 5 மி.மீ. கூடுதலாக வெட்டுங்கள். மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டு, கிளாம்ப்பில் இறுக்கி, நுண்பல் ரம்பத்தால் அறுக்க வேண்டும். இது பெரியவர் வேலை. அறுத்ததும் அடிப்பக்கத்தில் ஸ்வரத்தின் பெயரைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் மவும் கவும் மாறிப்போய், அரை மணி நேரம் தேடுவீர்கள்.

உப்புச் சோதனை

இந்த வேலையிலேயே பிள்ளைகள் மறக்காத கட்டம் இது. கட்டையை ஸ்பாஞ்ச் துண்டுகள்மேல் வைத்து, மேற்பரப்பு முழுக்கப் பொடி உப்பை மெல்லியதாகத் தூவுங்கள். ரப்பர்த் தலைக் கோலால் நடுவில் மெதுவாக, விடாமல் தட்டுங்கள். நடுவில் இருக்கும் உப்பு துள்ளித் துள்ளி விலகும், முனைகளில் இருப்பது உள்நோக்கி நகரும், கொஞ்ச நேரத்தில் கட்டைக்குக் குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடுகள் நிற்கும். அந்த இரண்டு இடங்களில் மரம் அசைவதில்லை. கட்டையைத் தாங்கவும் துளை போடவும் ஏற்ற இடம் அவை மட்டுமே. வேறெங்கு பிடித்தாலும் அதிர்வை நசுக்கிவிடுவோம். 'டங்' என்று வர வேண்டியது 'டொக்' என்று நின்றுவிடும்.

கணக்குப்படி கோடு முனையிலிருந்து 22.4 சதவீதத்தில் வர வேண்டும்: 367க்கு 82 மி.மீ., 260க்கு 58 மி.மீ. ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி வந்தால் உப்பு சொல்வதை நம்புங்கள். கோடு குறுக்கே நேராக இல்லாமல் சாய்ந்து நின்றால், பெரும்பாலும் கட்டையின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடத் தடித்திருக்கும்; இழைத்துச் சரிசெய்யுங்கள். துளையை இப்போதே போட்டுவிடாதீர்கள். சுருதி சேர்த்தபின் கோடு சற்று நகரும். அப்போது இன்னொரு முறை உப்புத் தூவிப் பார்த்துத் துளைக்கலாம்.

சுருதி சேர்த்தல்

இரண்டே விதி. முனையை வெட்டினால் சுருதி ஏறும். அடிப்பக்கத்தின் நடுவில் மரத்தைச் சுரண்டினால் சுருதி இறங்கும். நடுப்பகுதிதான் கட்டை வளைந்து நிமிரும் இடம். அதன் விறைப்பு குறைந்தால் அதிர்வு மெதுவாகும்.

முதலில் முனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, இரு பக்கமும் சமமாகக் குறைத்து, வேண்டிய சுருதிக்கு அரை முதல் ஒரு ஸ்வரஸ்தானம் மேலே கொண்டுபோங்கள். ஸ்வரஸ்தானம் என்பது ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டாகப் பிரித்ததில் ஒரு படி. ஒரு ஸ்வரஸ்தானத்துக்கு நீளத்தில் சுமார் 3 சதவீதம் குறைய வேண்டும், 367 மி.மீ. கட்டையில் அது 11 மி.மீ. கூடுதலாக விட்ட 5 மி.மீ.யும் அதோடு சேர்ந்து போய்விடும். பிறகு கட்டையைக் கவிழ்த்து, நடு மூன்றில் ஒரு பங்கில் அரை வட்ட அரத்தால் மெல்லிய குழிவு எடுங்கள். 16 மி.மீ. தடிமனில் 1 மி.மீ. எடுத்தாலே ஏறக்குறைய ஒரு ஸ்வரஸ்தானம் இறங்கிவிடும். அதனால் ஐந்தாறு இழுப்பு, ஒரு அளவு என்று போங்கள். கடைசி 20 சென்ட்டுக்கு (ஒரு ஸ்வரஸ்தானத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அரத்தை வைத்துவிட்டு 120 எண் உப்புத்தாளை எடுங்கள்.

ஒருவர் தேய்க்க, ஒருவர் தட்ட, ஒருவர் செயலியின் எண்ணை உரக்கப் படிக்க, தாத்தா கண்ணை மூடி அடுத்த கட்டையோடு ஒத்துக் கேட்க, வேலை இயல்பாகவே பங்காகிவிடும். செயலி ஒவ்வொரு கட்டையையும் தனியாகத்தான் அளக்கும். சவும் பவும் சேர்ந்து நிற்கிறதா என்று சொல்லப் பழகிய காது வேண்டும். இரண்டும் முரண்பட்டால் நான் காதின் பக்கம்தான்.

தேய்த்த கையோடு அளக்காதீர்கள். உராய்வில் சூடான மரம் சற்றுத் தாழ்ந்து பேசும். பத்து நிமிடம் ஆறவிடுங்கள். இல்லையென்றால் சரியாக வந்துவிட்டது என்று நிறுத்திய கட்டை, மறுநாள் காலையில் ஏறி நிற்கும்.

அளவுக்கு மீறி இறக்கிவிட்டால் பயப்பட வேண்டாம். முனையில் 1 மி.மீ. தேய்த்தால் மறுபடி ஏறும். தாய்லாந்தின் ரனாத் கருவியில் கட்டையின் அடியில் ஈயத்தூள் கலந்த மெழுகை ஒட்டிச் சுருதி சேர்ப்பது வழக்கம். முனைகளில் எடை கூடினால் சுருதி இறங்கும் என்பதே அதன் அடிப்படை. சின்னத் திருத்தத்துக்கு நீங்களும் வெறும் தேன்மெழுகை முனைகளின் அடியில் ஒட்டலாம். ஈயம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

தொழில்முறை சைலஃபோனில் மேலொலியை அடிப்படையின் 3 மடங்குக்கும், அதே வகையில் பெரிய மரக்கட்டைக் கருவியான மரிம்பாவில் 4 மடங்குக்கும் கொண்டுவரக் குழிவின் வடிவத்தைத் திட்டமிட்டுச் செதுக்குவார்கள். முதல் கருவியில் அதைத் தொடாதீர்கள். அடிப்படை ஒலி சேர்ந்தாலே பாட்டு வாசிக்கலாம்.

மெருகுக்கு மெல்லியதாக ஒரு பூச்சு ஆளிவிதை எண்ணெயோ அரக்கு மெருகோ போதும். தடித்த வார்னிஷ் மரத்தின் வாயைக் கட்டிவிடும். பூச்சால் சுருதி கொஞ்சம் இறங்கலாம் என்பதால், பூசுவதற்கு முன் 10 சென்ட் மேலே நிறுத்தி, நன்றாகக் காய்ந்தபின் கடைசித் திருத்தம் செய்யுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயப்போடுங்கள்.

தாங்கும் சட்டம்

36 செ.மீ. நீளத்தில் 20×40 மி.மீ. பட்டை இரண்டு, கீழ் ச பக்கம் அகன்றும் மேல் ச பக்கம் குறுகியும் இருக்கும்படி இரு குறுக்குச் சட்டங்களால் இணைக்க வேண்டும். பட்டைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் கட்டை நீளத்தில் 0.552 பங்கு: முதல் கட்டைக்கு 203 மி.மீ., எட்டாவதுக்கு 144 மி.மீ. கட்டைகளுக்கு இடையே 6 மி.மீ. இடைவெளி விட்டால் மொத்த அகலம் 33 செ.மீ. நீளங்கள் ஒரே சீராகக் குறைவதில்லை என்பதால் க, த, நி கட்டைகளில் உப்புக்கோடு சட்டத்தின் கோட்டிலிருந்து 2, 3 மி.மீ. உள்ளே விழும். பட்டைகளின்மேல் 10 மி.மீ. அகல ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) ஒட்டினால் அந்த வித்தியாசம் அதற்குள் அடங்கிவிடும்.

ஒவ்வொரு கட்டையிலும் ஒரு உப்புக்கோட்டின் நடுவில் 6 மி.மீ. துளை. அதன் வழியே 4 மி.மீ. திருகு, திருகுத் தலைக்குக் கீழே ஒரு ஃபெல்ட் வளையம். மறு கோட்டில் துளை வேண்டாம். கட்டை பக்கவாட்டில் ஓடாமல் இருக்க இருபுறமும் ஒவ்வோர் ஆணி, ஆணிமேல் ரப்பர்க் குழாய்த் துண்டு. திருகை இறுக்காதீர்கள். விரலால் தூக்கினால் கட்டை 1 மி.மீ. மேலே வர வேண்டும். மாதக்கணக்கில் உழைத்துச் சுருதி சேர்த்த கட்டையைக் கடைசி நாளில் இறுக்கித் திருகி ஊமையாக்குவது மிகவும் சாதாரணமாக நடக்கும் தவறு.

கோல்களுக்கு 8 மி.மீ. தடிமனில் 27 செ.மீ. நீள உருளைக் குச்சி இரண்டு, தலைக்கு 25 மி.மீ. மர மணி அல்லது கெட்டி ரப்பர்ப் பந்து. மர மணி பளிச்சென்று பேசும், ரப்பர் மென்மையாகப் பேசும். மர மணிமேல் கம்பளி நூலை இறுக்கிச் சுற்றினால் இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல நாதம் வரும். அதிகம் சுற்றினால் சின்னக் கட்டைகள் எழாது. நூலைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்க்கும் வேலை தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரு மாலைப் பொழுதுக்குக் காணும்.

ஒலி கூட்டும் குழாய்கள்

கருவி இப்போதே வாசிக்கத் தயார். ஆனால் ஒலி சிறியதாக இருக்கும். கட்டையின் நடுவுக்கு நேர் கீழே, ஒரு முனை மூடிய குழாயை நிறுத்தினால் ஒலி நிறைந்து வரும். குழாயின் நீளம் ஒலி அலையின் கால் பங்கு. அதிலிருந்து உள் ஆரத்தின் 0.6 பங்கைக் கழிக்க வேண்டும். வெளிவிட்டம் 40, உள்விட்டம் 36 மி.மீ. உள்ள பிவிசி குழாய்க்கு, காற்றின் வெப்பம் 25 டிகிரி என்றால் உள்நீளங்கள் வரிசையாக 154, 136, 120, 113, 99, 87, 77, 72 மி.மீ. ஒவ்வொன்றையும் 15 மி.மீ. கூட்டி வெட்டுங்கள். அடியை மூடக் கடையில் விற்கும் மூடி போட்டால் அதன் பருமனால் பக்கத்துக் குழாயோடு இடிக்கும். குழாய்க்குள் இறுக்கமாக நுழையும் மரவட்டத்தைச் சுற்றி டேப் ஒட்டி, உள்ளே தள்ளுங்கள். கட்டையைத் தட்டிக்கொண்டே வட்டத்தை மேலும் கீழும் நகர்த்தினால் ஓரிடத்தில் ஒலி சட்டென்று மலரும். அங்கே நிறுத்தி, டேப்பால் உறுதிசெய்யுங்கள். குழாயின் வாய்க்கும் கட்டைக்கும் இடையே 10 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். ஒலி பெருகும்போது நாதம் நீளாமல் சீக்கிரம் அடங்கும். அது பழுது இல்லை. கட்டையின் சக்தி வேகமாகக் காற்றுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

பழுதும் காரணமும்

கட்டை 'ஜிர்' என்று இரைந்தால் ஆணியோ திருகோ மரத்தைத் தொடுகிறது. ரப்பரையும் ஃபெல்ட்டையும் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் முனையில் மயிரிழை விரிசல் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் தெரியும். அந்தக் கட்டையை மாற்றத்தான் வேண்டும். ஒரே கட்டையில் இரண்டு சுருதி சண்டையிடுவதுபோல் கேட்டால், கட்டை ஒரு பக்கமாக முறுக்கி அதிர்கிறது: குழிவு ஒரு ஓரத்தில் ஆழமாக இறங்கியிருக்கும். மறு ஓரத்தையும் சமமாக எடுங்கள். சுருதி இறங்கினால் முனையில் ஈடுகட்டலாம். ஈரப்பதம் மிகுந்த நாட்களில் எல்லாக் கட்டைகளும் சேர்ந்து சற்றுத் தாழும். அப்போது அரத்தை எடுக்காதீர்கள். மரம் மறுபடி காய்ந்ததும் பழைய இடத்துக்கு வரும்; ஈரத்தில் திருத்திய கட்டைதான் பிறகு தனியாக விலகி நிற்கும்.

மரத்தூள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஈட்டி, தேக்கு, படாக் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தரும். தேய்ப்பதைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் முகக்கவசம் போடட்டும், ஆஸ்துமா உள்ளவர் தேய்க்கும் இடத்தைவிட்டுத் தள்ளி உட்கார்ந்து கேட்கும் வேலையை எடுத்துக்கொள்ளட்டும். துளைபோடும் இயந்திரத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். 80, 120, 240 என்று மூன்று எண் உப்புத்தாள்களில் தேய்த்து முடிக்கவே அவர்களுக்கு இரண்டு வார விடுமுறை நாட்கள் போய்விடும்.